மோதிரம் போட்ட சுறா

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். மில்லில் வேலை பார்ப்பவர். பொடி எழுத்தில் கார்டின் ஓரம் வரை நிரப்பியிருக்கிறார்.

"ஒரு கதையைப் படிக்கும்போது, எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதினாரா, மனம் நொந்து எழுதினாரா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தீர்கள். நாங்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தோம். கண் திறந்தது. வாய்ப் பேச்சிலும் தொனி என்பது உண்டல்லவா? அதைப் பற்றியும் தாங்கள் எழுத வேண்டும்."

கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன்.

நாலு பேர். அதுவும் சத்தமாக.

எழுதுகிறேன் ஐயா. ஆனால் நீங்கள் கேட்டது பாடம். நான் தரப்போவது வாக்குமூலம்.

நான் வீராம்பட்டினத்துக்காரன் என்பது பத்திரிகையில் இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்பா கட்டுமரம் தள்ளுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இப்போது புதுச்சேரி டவுனில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. போய்விட்ட துரைமார்களின் பிரெஞ்சுக் காகிதங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிற வேலை. எங்கள் தெருவுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் யார் வீட்டில் கொடுத்தாலும் அது கடைசியில் என் கைக்கு வந்துவிடும். படித்துச் சொல்ல வேண்டும். பதிலும் எழுத வேண்டும்.

அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எதிர்வீட்டு அஞ்சலைச் சின்னம்மா மீன் விற்கிறவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட் வரை நடந்தே போவாள். புருஷன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் செங்கேணி. அவளுக்குப் பக்கத்துக் குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. பரிசம் போட நாள் குறித்தாயிற்று. காரைக்காலில் இருக்கிற தன் தம்பிக்குச் சின்னம்மா என் கையால் கடிதம் எழுதி அனுப்பினாள்.

தம்பி பெயர் கலியபெருமாள். எல்லோருக்கும் கலியன். பெண் எடுத்த ஊரிலேயே தங்கிக் கடலுக்குப் போகிறவர். செங்கேணிக்குத் தாய்மாமன்.

பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சின்னம்மா கை அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடிதத்தை என்னிடம் நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்து குந்தினார்கள். செங்கேணி உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

கலியன் மாமாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல யாரோ கடைக்காரர் அப்படியே எழுதியிருந்தார். அதை இங்கே அப்படியே தருகிறேன்.

"அக்காவுக்கு கலியன் எழுதுறது. ஒன் கடுதாசி வந்துச்சு. மாப்ள பாத்த, நாள் பாத்த, எல்லாத்தயும் பாத்துட்டு கடசில தம்பியப் பாத்தியா. நான் யாரு ஒனக்கு. ஊர்க்காரன்தானே. ஒன் பந்தல்ல நான் கால வைக்க மாட்டேன். மருமவளுக்குன்னு செஞ்சி வச்ச மோதிரத்தக் கடல்ல தூக்கிப் போட்டுட்டேன். ஒரு சுறா அதப் போட்டுக்கினு திரியுது. ஒன் சம்பந்திகிட்ட சொல்லி வல வீசிப் புடிச்சிக்க. தாய்மாமன்னு எனக்கு எலை போடாத. நான் வரமாட்டேன். வந்தாலும் சாப்புட மாட்டேன். சாப்புட்டாலும் ரெண்டாந் தபா சோறு கேக்க மாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். மில்காரரே, உங்கள் நாலு பேரும் டீக்கடையில் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

நான் சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது என்றால் எழுந்து நிற்க வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வாசிக்கும்போது வாய் கொஞ்சம் கோணினாலும் பெஞ்சு மேல் ஏற வேண்டியதுதான். பத்து வருஷம் அப்படி வாசித்தவன் நான். இப்போதும் எழுதின காகிதம் எதுவானாலும் சரி, கையில் வந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. முகமும் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது... செங்கேணி சொல்லுவாள், "அண்ணன் கோர்ட்டுக்குப் போயிட்டாரு" என்று.

அந்த முகத்தோடுதான் வாசித்தேன். "ஒரு சுறா. அதப் போட்டுக்கினு. திரியுது." சம்மன் படிக்கிற மாதிரி.

சின்னம்மா அந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள்.

இதை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். தோள் ஒரு தடவை குலுங்கியது. வாயில் முந்தானையை வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் அவளைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

பார்த்தேன், அவ்வளவுதான். வாத்தியார் பார்க்கிற பார்வை. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. பத்து வருஷம் அதன் எதிரில் நின்றவன்.

"சிரிக்கிற விஷயம் இல்ல சின்னம்மா. கடைசி வரைக்கும் கேளு," என்றேன்.

சின்னம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். முந்தானையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தைக் கைகட்டிக் கேட்டாள். 'வரமாட்டேன், வந்தாலும் சாப்புட மாட்டேன்' என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் கடிதத்தை மடித்துச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். பிறகு கேட்டாள்:

"நெசமாவே கோவமா இருக்கானா தம்பி?"

"எழுத்துல அப்பிடித்தான் இருக்குது," என்றேன்.

படித்தவன் சொல்கிறான். அவள் தன் காதை நம்புவாளா, என்னை நம்புவாளா?

அதற்கு ஒரு காரணமும் அவளுக்குள் கிடந்தது. புருஷன் இறந்தபோது காரைக்காலுக்குச் சேதி போய்ச் சேரத் தாமதம். கலியன் மாமா எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்தார். அழுத அழுகையில் சின்னம்மா, "இப்ப எதுக்குடா வந்த, சாம்பலப் பாக்கவா?" என்று கரையில் வைத்துக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்து போய்விட்டார். இருந்தாலும் அந்த வார்த்தை தம்பி மனசில் இருக்குமோ என்று அவளுக்கு ஒரு பயம். என் குரல் நேரே போய் அந்தப் பயத்தைத் தொட்டுவிட்டது.

"அத மனசுல வச்சிக்கினுதான் எழுதிட்டான்," என்றாள். "சரி, வர இஷ்டமில்லன்னா போவட்டும். அப்பிடியே எழுதிப் போட்டுடு."

அப்படியே எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. 'வர இஷ்டமில்லன்னா போடா' என்று எழுதியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நான் படித்தவன் ஆயிற்றே. எழுதியது இது:

"அன்புள்ள சகோதரருக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தோம். தாங்கள் வர இயலாதது குறித்து வருந்துகிறோம். தங்களுக்குச் சிரமம் வேண்டாம். தங்கள் ஆசி இருந்தால் போதும். இப்படிக்கு, அஞ்சலை."

வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்குது தம்பி. பெரிய எடத்துக் கடுதாசி மாரி இருக்குது," என்றாள். நான் மகிழ்ந்துபோனேன்.

வீட்டுக்கு வந்தேன். பேனாவில் அதே மை. உட்கார்ந்து, 'கதையின் தொனியைக் கண்டுகொள்வது எப்படி' என்று உங்களுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அதைத்தான் நாலு பேர் சத்தமாகப் படித்துக் கண் திறந்தீர்கள்.

ஒரு விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. எங்கள் கரையில், பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் தாய்மாமன் ஒரு தடவை முறுக்கிக்கொள்ள வேண்டும். 'என்னைக் கேட்டியா, என்னிடம் சொன்னியா' என்று குதிக்க வேண்டும். அதற்குப் பெண்ணின் அம்மா இரண்டு பங்காகத் திட்ட வேண்டும். அவள் திட்டின பிறகு அவர் மேளத்தோடு சீர் கொண்டு வருவார். முறுக்காத மாமன் மாமனே இல்லை. 'என்னடி உன் தம்பி சும்மா வந்துட்டான், பொண்ணு மேல பாசம் இல்லியா' என்று கேட்பார்கள். இந்தக் கூத்தைச் சின்ன வயதிலிருந்து பத்துப் பதினைந்து தடவை நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன் நான்.

கரையில் நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். காகிதத்தில் வந்ததால் தெரியவில்லை.

பரிச நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வந்தார்கள். பாய் விரித்து, தாய்மாமனுக்கு என்று முன்வரிசையில் இடம் விட்டு, எதிரில் வெற்றிலைத் தட்டு வைத்திருந்தோம். தட்டு மாற்றுகிறவர் அவர்தான். இலை போட வேண்டாம் என்று எழுதின தம்பிக்கு இடம் போட்டுவிட்டு, சின்னம்மா காலையிலிருந்து பஸ் வருகிற ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார், "பொண்ணுக்கு மாமன் எங்க?"

"கடலு செரியில்லியாம். வர முடியல," என்றாள் சின்னம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கேட்டவர், சொன்னவள், சுற்றி இருந்த அத்தனை பேரும் கடல்காரர்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன தொனி என்று நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்கவில்லை.

பங்காளி ஒருவரை உட்காரவைத்துத் தட்டை மாற்றினார்கள். எழுந்து போகும்போது மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னைக்கு ஆச்சி. கல்யாணத்தன்னிக்கு மாமன் வந்து நிக்கலன்னா நாங்க தாலிய எடுக்க மாட்டோம்மா. தாய்வீட்டுல சண்ட போட்டுக்கினு வர்ற பொண்ணு நமக்கு வேணாம்னு வீட்டுல பொம்பளைங்க பேசுவாங்க. கோவிச்சுக்காத."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

சாயங்காலம் நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து செங்கேணியின் குரல் கேட்டது. அவள் மூணாங்கிளாஸ் வரை போனவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். தன் கல்யாணக் கடிதத்தைத் தானே கேட்டு வாங்கிப் படிப்பது முறையில்லை என்று அதுவரை சும்மா இருந்தவள், அன்றைக்குச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துவிட்டாள்.

"மாப்ள... பாத்த. நாள்... பாத்த. எல்லாத்தயும் பாத்துட்டு கடசில தம்பியப் பாத்தியா." இரண்டாவது வரியிலேயே குரல் மாறிவிட்டது. மாமாவின் குரல். இழுத்து, நடுவில் ஒரு கனைப்பு கனைத்து, முடிக்கும்போது மூக்கால் ஒரு 'ஹும்' போடுவார் அவர். காகிதத்தில் கனைப்பு இல்லை. அவள் போட்டாள். சுறா வந்தபோது உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'ரெண்டாந் தபா சோறு கேக்க மாட்டேன்' வந்தபோது ஒருத்தி, "கேக்க மாட்டாரு, சட்டியோட எடுத்துக்குவாரு," என்றாள்.

பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"வெளையாட்டுக்குல்ல எழுதியிருக்குறான்," என்றாள் சின்னம்மா. யாரிடமும் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொண்டாள். "நான் என்னாத்த எழுதிப் போட்டேன் அவனுக்கு?"

நான் சுருட்டின பாயோடு வாசலில் நின்றேன். ஓடிவிடலாமா என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு அடி நகர்ந்தும்விட்டேன். செங்கேணி பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீ படிச்சப்ப எங்க மாமா செத்துட்டாருன்னு தந்தி வந்த மாரி இருந்துச்சுண்ணே," என்றாள்.

கேலி இல்லை அதில். எனக்கே புரிந்தது.

"நான் நாளைக்கே காரைக்கால் போறேன் சின்னம்மா. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு..."

"மன்னிப்பா?" சின்னம்மா பதறிப்போனாள். "நல்ல புள்ளப்பா நீ. மன்னிப்புக் கேட்டா நெசமாவே சண்டன்னு ஆயிடும். போய்த் திட்டு."

"நானா?"

"நான் சொல்றத அப்பிடியே போய்ச் சொல்லு."

பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தேன். "அந்தக் காயிதத்த உள்ள வை மொதல்ல," என்றாள்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நடு வீட்டில் நின்று, காரைக்கால் இருக்கிற திசையைப் பார்த்து அவள் திட்டினாள். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். மனப்பாடம் செய்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி... வழியெல்லாம் முணுமுணுத்தபடியே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

கலியன் மாமா கரையில் உட்கார்ந்து, கால்விரலில் வலையை மாட்டி, கிழிசல் முடிந்துகொண்டிருந்தார். கூட ஐந்தாறு பேர். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்.

"வாங்க முசே," என்றார். வெள்ளைக்காரத் துரைகளைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டார். "தாங்கள் நிக்கிறீங்களே. தங்களுக்குச் சிரமம். குந்துங்க."

இந்தத் தொனி மட்டும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் கடிதத்திலிருந்தே எடுத்து என் மேல் எறிகிறார்.

உட்காரவில்லை. நின்றேன். முதுகு தானாக நிமிர்ந்தது. கைகள் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. ஆரம்பித்தேன்.

"ஏன்டா கலியா. சுறாவுக்கு மோதிரம் போட்டியே. தாலியும் அதுக்கே கட்டிட்டியா. பத்து நாளுக்குள்ள ஒன் மூஞ்சி எங்கரையில தெரியல, நானே அங்க வந்து ஒன் கட்டுமரத்த அவுத்து அடுப்புல வச்சிருவேன். ஒன் பொண்டாட்டி வைக்கிற கொழம்ப நீயே குந்தித் தின்னு சாவுடா."

எல்லோருடைய கையும் வலையோடு நின்றுவிட்டது. இருபத்து நாலு வயதுப் பையன், மாமா முறை ஆள், அவர் ஊரில் வந்து நின்று 'டா' போடுகிறான். அதையும் தேவாரம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறான்.

மாமா எழுந்தார். "யார் சொன்னது இது?"

"சின்னம்மா."

"எங்க அக்காளா இப்பிடிச் சொன்னா? பொணத்துக்குக் கணக்குச் சொல்ற மாரி?"

"இல்ல மாமா."

"எப்பிடிச் சொன்னா? சொல்லு."

மறுபடியும் சொன்னேன். "இல்ல," என்றார். மூன்றாவது தடவை 'சுறாவுக்கு மோதிரம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. சின்னம்மா முந்தானையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டது கண்ணுக்கு முன்னால் நின்றது. அழுதேனா? அழுதேன். கரையில், ஐந்தாறு பேருக்கு முன்னால்.

மாமா உட்கார்ந்துவிட்டார். வலையை எடுத்து மறுபடி விரலில் மாட்டினார். முகத்தைக் காட்டாமல் பேசினார்.

"எம் பொண்ணுதான் படிச்சா அந்தக் கடுதாசிய. கடசில அக்கா பேரு வந்துச்சு. மறுபடி படின்னேன். மறுபடி படின்னேன். எங்க அக்கா ஒரு எடத்துலயும் இல்ல அதுல. அவள யாரோ தூக்கிக்கினு போயிட்டு, பேர மட்டும் வச்சிட்டுப் போன மாரி இருந்துச்சு." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "அன்னைக்கு சாம்பலப் பாக்கவான்னு கேட்டாளே, அதுகூட எனக்கு ஒறைக்கல. தெரியுமா? அது அவதான் கேட்டா."

 

அத்தையைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். "கொழம்பு நெறயா ஊத்து. நான் ஒண்டியா தின்னு சாவணுமாம்," என்றார். சாப்பிட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டேன்:

"வருவீங்களா மாமா?"

"வரமாட்டேன் போ," என்றார்.

மில்காரரே, தொனி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினவன் சொல்கிறேன், கேளுங்கள். காரைக்காலிலிருந்து புதுச்சேரி வரை அந்த ஒரு சொல்லை நான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வரமாட்டேன் போ. வரமாட்டேன், போ. சிரித்தாரா? கோபித்தாரா? ஒரு பெண்ணின் கல்யாணம் அந்தச் சொல்லில் தொங்குகிறது. எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சின்னம்மாவிடம் போய் நின்றேன். "வரமாட்டேன்னு சொல்லிட்டாரு," என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "எப்பிடிச் சொன்னான்?"

"வரமாட்டேன் போ, அப்படீன்னு."

"ஒன் மொகத்தப் பாத்துச் சொன்னானா?"

"இல்ல. வலையப் பாத்துக்கினு."

"கையில என்னா வச்சிருந்தான்?"

"ஊசி. நூலு. முடிச்சுப் போட்டுக்கினே சொன்னாரு."

"முடிச்ச நிறுத்தல?"

யோசித்தேன். "நிறுத்தல."

"ஒனக்குச் சோறு போட்டானா?"

"போட்டாங்க. கொழம்பு நெறயா ஊத்தச் சொன்னாரு. ஒண்டியா தின்னு சாவணுமாம்னாரு."

சின்னம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏய் செங்கேணி, மாமனுக்கும் எலை சேத்து எண்ணிக்கடி. ரெண்டு எலையா எண்ணு, ரெண்டாந் தபா கேப்பான்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்தே கேள்வி. நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தும் படிக்க முடியாததை, இவள் நூறு மைல் தள்ளி நின்று என் தப்பும் தவறுமான பேச்சுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டாள்.

வந்தார். கல்யாணத்தன்று விடியற்காலையில் மேளம் முன்னால் வர, தட்டுகளோடு வந்தார். பந்தல் வாசலில் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார், உள்ளே வைக்கவில்லை.

"தாங்கள் கூப்புடாம நான் எப்பிடி வர்றது?" என்றார்.

ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஊர் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் என் பெயர் 'தாங்கள்'. "தாங்கள் ஆபீஸ் போயிட்டாரா?" "தாங்களுக்கு ஒரு மீன் எடுத்து வை." நானும் சிரித்துவைக்கிறேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது எனக்கு.

செங்கேணியின் விரலில் மாமா மோதிரத்தைப் போட்டார். தாலி ஏறியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். முடிந்ததுதான். ஆனால் பரிசத்தன்று தட்டு மாற்றுகிற இடத்தில் பங்காளி உட்கார்ந்திருந்தார். அது இனி மாறாது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்த நாளில் 'கடலு செரியில்லியாம்' என்று முப்பது பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பும் என் கணக்கில்தான் இருக்கிறது.

நான் படித்ததற்கு வெட்கப்படவில்லை. படித்த பிறகு என் எதிரில் யாரும் சிரிக்கக்கூடாது என்று எனக்கு எப்போது தோன்றியது? அது தெரியவில்லை. அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். அவள் சரியாகக் கேட்டாள். சரியான இடத்தில் சிரித்தாள். நான்தான் அவளைத் திருத்தினேன்.

மில்காரரே, என் பழைய கட்டுரையை வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். மீன் கட்ட உதவும்.

இதை எழுதலாமா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "எழுதிக்க. நாங்க என்னா படிக்கவா போறோம்," என்றாள். பேச்சோடு பேச்சாக இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். காரைக்கால் முத்திரை. வாங்கிப் பிரித்தேன். முதுகு நிமிரப் போவது எனக்கே தெரிந்தது, குனிந்துகொண்டேன். தொண்டையைக் கனைத்தேன், மாமா மாதிரி.

சின்னம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எழுத்த மட்டும் சொல்லு தம்பி. சிரிக்கிறதா அழுவுறதான்னு நான் பாத்துக்கறேன்."